கால்மாட்டுக் கற்கள்

சியோராபலுக்,
18 செப்டம்பர் 1988

துகுமெக்குக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கிழட்டுத் தலைநாய் செத்துப்போனது. மற்ற நாய்கள் கொழுத்திருக்கின்றன. கோடையில் வால்ரஸ் கிடைத்ததால் இறைச்சி மேடை நிறைந்திருக்கிறது. நூக் நகரத்தில் உனக்கும் எனோக்குக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே இன்னும் மழைதானா?

ரஸ்முஸின் பேத்தி, உன் அம்மாவின் பெயரை வாங்கியவள், நேற்று வந்தாள். என் புகைக்குழாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "உனக்கு எத்தன வாட்டி சொல்றது?" என்று அதட்டினாள். உன் அம்மா உயிரோடு இருந்தபோது கேட்காத பேச்சை இப்போது கேட்கிறேன். பெயர் வந்த இடத்தில் ஆளும் வந்துவிடுகிறாள், என்ன செய்வது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைச் சுவரில் புது வரைபடம் மாட்டியிருக்கிறார்கள். செர்மெர்சுவாக் பெரும்பனியாறு கடலில் இறங்குகிறதே, அதற்கு எதிரே நம் தீவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம் அடித்திருக்கிறது. உன் புருஷன் வேலை பார்க்கும் அலுவலகம் அச்சடித்த படம்.

கடையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. உன் மாமன் ரஸ்முஸ் சும்மா இருப்பானா?

"என்ன மச்சான், விரலால தடவித் தடவிப் பாக்குற? தீவு நீந்திப் போயிருச்சா?"

"அச்சடிச்சவன் குருடன்."

"வசந்தத்துல கரடி வேட்டைக்கு அந்தப் பக்கம் போனேனே, எனக்கும் தெரியலயே. அப்ப நானும் குருடன்தானா?"

"நீ எப்ப கண்ணத் தொறந்துகிட்டு வண்டி ஓட்டின?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "சரி விடு. எங்க இருந்தாலும் அவன் நல்லா இருக்கட்டும்" என்றான்.

அந்த 'எங்க இருந்தாலும்' என்ற சொல்தான் இன்னும் எரிகிறது. உன் தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். நாலு வசந்தத்துக்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேட்டைக் கூடாரத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. தெற்கே கடற்பனி உடைந்துகொண்டிருந்தது, நாய்களுக்குத் தீனி இல்லை, அவனை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. நானும் ரஸ்முஸும் அந்தத் தீவில் அவனைப் படுக்க வைத்துக் கல் அடுக்கினோம். அடுத்த இரண்டு வசந்தமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு முழங்கால் உடைந்தது, போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தீவு எங்கும் போகவில்லை.

ஆகையால் நீ அலுவலகத்தில் சொல்லித் தீவைப் போட வை. அதற்கு அவன் பெயரைத்தான் வைக்க வேண்டும். இன்னும் எந்தக் குழந்தைக்கும் போகாத, இறந்தவரின் பெயரை வாயால் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்பதால் நான் இங்கே எழுதவில்லை. அலுவலகத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. நீ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காலுறையோடு திரியாதே.

அப்பா


நூக்,
9 அக்டோபர் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் சீல்தோல் பொட்டலமும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் நலம். முழங்காலுக்குச் சூடு கொடுங்கள், வைராக்கியம் மட்டும் கொடுத்தால் போதாது.

நீங்கள் புதைத்து ஊறவைத்த கடற்குருவிகளை எனோக் சமையலறையில் வைத்துப் பிரித்தார். மாடியில் குடியிருக்கும் டென்மார்க் அம்மா நாற்றம் பொறுக்காமல் கீழே இறங்கி வந்து, "யாராவது இறந்துட்டாங்களா?" என்று கவலையோடு விசாரித்தாள். "ஆமா, நிறைய பேரு. எல்லாம் குருவிங்க" என்றார் இவர். நான் அத்தனையும் தனியாகத் தின்று தீர்த்தேன். முன்பு எனக்கே அவ்வளவு பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். காரணம் இருக்கிறது. ஜனவரிக் குளிரில் ஒரு குழந்தை பிறக்கப்போகிறது.

தீவு விஷயமாக நீங்கள் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

அப்பா, ஒன்று கேட்கிறேன். தம்பியின் பெயரைக் குழந்தைக்கு வைக்கிறேன். அவனை மறுபடி 'தம்பி' என்று கூப்பிட வேண்டும்போல் இருக்கிறது. அம்மாவின் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனுடையது நாலு வருடமாக யாரிடமும் போகாமல் நிற்கிறது. உங்கள் வாயால் சரி என்று சொல்லாமல் வைக்க மாட்டேன்.

மாமனையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் துகுமெக்


சியோராபலுக்,
23 அக்டோபர் 1988

துகுமெக்குக்கு,

இன்று சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இனி பிப்ரவரியில்தான் முகம் காட்டும். நான் நலம். குழந்தைச் செய்தி கேட்டு ஊருக்கெல்லாம் காப்பி போட்டேன். ரஸ்முஸ் நாலு கோப்பை குடித்துவிட்டு, பாட்டன் மூக்கு மட்டும் வராமல் இருக்கட்டும் என்று வாழ்த்தினான். கனமான எதையும் தூக்காதே. வாசற்படியில் நிற்காதே, உள்ளே வா அல்லது வெளியே போ. நின்றால் பிரசவம் இழுக்கும் என்று உன் அம்மா சொல்வாள்.

பெயர் கிடையாது.

கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். ஊரில் ஒரே பெயரை நாலு குழந்தைகள் சுமக்கவில்லையா என்று நீ கேட்பாய். சுமக்கின்றன. அந்தப் பெயர்களுக்குத் தங்க வேறு இடம் இல்லை. உன் தம்பியின் பெயரை நான் நிலத்துக்குக் கொடுத்திருக்கிறேன். கல்லை அடுக்கி முடித்ததும் அந்த இடத்தில் நின்று சொன்னேன், இந்த நிலம் இனிமேல் நீ என்று. கொடுத்ததைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அலுவலகத்துக்காரர்கள் ஆதாரம் கேட்பார்கள். எழுதிக்கொள். தீவைச் சுற்றிக் கரையோரம் பனி விரிசல் விட்டிருக்கும், கடல் ஏறி இறங்கும்போது நிலத்தைச் சுற்றி விடுவது போலவே. மேலே பாசி படர்ந்திருந்தது. வெள்ளைக் கடற்காகங்கள் பழைய கூடுகள் வைத்திருந்தன. மனிதனை ஏமாற்றலாம், முட்டையிடப் போகிற பறவையை யார் ஏமாற்றுவது? கல் இருந்தது, மண் இருந்தது. கல்லைப் பெயர்த்தால் அடியில் கெட்டியாக உறைந்திருந்தது. நம் ஊர் மண் மட்டும் உறையாமலா இருக்கிறது?

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. வேதப் புத்தகத்தையும் கடைச் சாமான் டப்பாக்களையும் வைத்து எழுத்துப் படித்தவன். ஆனால் அந்தக் கரையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். எனோக் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

நன்றாகச் சாப்பிடு.

அப்பா


நூக்,
27 நவம்பர் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கால் வீக்கம், வேறொன்றும் இல்லை. உங்களுக்கும் நாய்களுக்கும் சுகம்தானே? ஹெலிகாப்டர் ஒழுங்காக வருகிறதா?

படம் வந்தது. அழகாக இருக்கிறது. கரை முழுவதும் சரியாக இருப்பதாக எனோக் சொன்னார். தீவைப் பற்றி முடிவு செய்கிறவர்கள் வசந்தத்துக்கு முன்னால் கூட்டம் போட மாட்டார்களாம். அவசரப்பட ஒன்றுமில்லை.

எப்படி இருந்தாலும் வரும் வசந்தத்தில் நீங்கள் அங்கே போக நினைக்காதீர்கள். பனி மெல்லிசாக இருக்கும் என்று சொல்கிறார்கள். முழங்காலும் சரியில்லை.

பெயரைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை.

துகுமெக்


நூக்,
11 டிசம்பர் 1988

மதிப்புக்குரிய மாமாவுக்கு எனோக் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். துகுமெக் நலம். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வசந்தத்தில் நீங்கள் வண்டி கட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

மாமா, அது தீவு இல்லை. கடலுக்கு அப்பால் மேற்கே, கஸ்தூரி எருதுகளின் நாட்டு வட கரையில் பழைய பனித்தட்டு ஒன்று இருக்கிறது. கரையோடு ஒட்டியது, அடியில் கடல். பல தலைமுறையாக உருகாமல் கிடப்பது. மலையிலிருந்து சரிந்த கல்லும் மண்ணும் அதன் மேல் பரவியிருக்கும். எப்போதாவது அதில் ஒரு துண்டு உடையும். அது நமக்கும் அந்த நாட்டுக்கும் நடுவிலுள்ள கால்வாய் வழியாகத் தெற்கே மிதந்து வந்து, செர்மெர்சுவாக்குக்கு எதிரே ஆழம் குறைந்த மேட்டில் தட்டி நின்றுவிடும். வருடக்கணக்கில் நிற்கும். அடி தரையைத் தொட்டு நிற்பதால் சுற்றிலும் நீங்கள் சொன்ன விரிசல் விடும். பாசி முளைக்கும், பறவைகள் கூடு வைக்கும். அவற்றுக்கு அது நிலம்தான். உருகி எடை குறைந்ததும் ஒரு கோடையில் மேலெழும்பிப் போய்விடும்.

பழைய விமானப் படத்தில் அது இருக்கிறது. போன வருடக் கோடைப் படத்தில் இல்லை. தெளிவான நாள், மூடுபனி இல்லை. அச்சுப் பிழையும் இல்லை. அந்தப் பகுதியை வரைந்தவன் நான். நீலம் அடித்தது என் கை. அன்று துகுமெக் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மருமகன்
எனோக்


சியோராபலுக்,
15 ஜனவரி 1989

எனோக்குக்கு,

நான் நலம். உன் கடிதம் பக்கத்துப் பெரிய ஊரான கானாக்கில் காற்றுக்கு மாட்டிக்கொண்டு நேற்றுத்தான் வந்தது. வராமலே போயிருக்கலாம்.

பாடம் நன்றாகச் சொல்லியிருக்கிறாய். மிதக்கும் பனித் துண்டுகளை நான் உன் அப்பா பிறப்பதற்கு முன்பே பார்த்தவன். அவற்றின் மேல் ஏறி நின்று கடல் பார்த்திருக்கிறேன், உருக்கிக் குடித்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன், பதில் சொல். பனிக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் தெரியாத வேட்டைக்காரன் இந்த வயது வரைக்கும் உயிரோடு இருப்பானா? பெற்ற மகனைக் கொண்டுபோய்க் கடல் மேல் படுக்க வைப்பானா?

நீ சொல்வது அதுதான். நேராகச் சொல்லத் தைரியம் இல்லாமல் பாசி, பறவை என்று சுற்றி வளைக்கிறாய்.

வானத்தில் பறந்துபோனவன் எடுத்த படத்தை நம்பி நீ நீலம் அடித்தாய். நான் போய் நின்று பார்க்கிறேன். மார்ச்சில் வெளிச்சம் வந்ததும் கிளம்புகிறேன். ரஸ்முஸ் சாட்சிக்கு வருகிறான். தீவிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து உனக்கு அனுப்புகிறேன், மேசையில் வைத்துக்கொண்டு படம் வரை.

பிரசவம் நெருங்குகிறது. உன் மனைவியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். என்னைப் பற்றிய கவலையை விடு.

அயோர்சாலிக்


நூக்,
12 பிப்ரவரி 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். ஜனவரி இருபத்தொன்பது. நான் தேறிவிட்டேன். அவன் தேறவில்லை.

மிகவும் சின்னதாக இருக்கிறான். பால் இழுக்க மாட்டேன் என்கிறான். பலவீனமாக இருந்ததால் பாதிரியாரை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து, எனோக்கின் அப்பா பெயரை, யோனாதான் என்று, வைத்தோம். இரவும் பகலும் அழுகிறான். டாக்டர் மருந்து கொடுக்கிறார், நல்லவர். கானாக்கிலிருந்து வந்த தாதி ஒருத்தி இருக்கிறாள். அவள் அவனைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு, "இவன் பசிக்கு அழலம்மா. பேரு கேக்குறான். உங்க வீட்டுல யாரு பாக்கி?" என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனோக் உங்களுக்கு எழுதியது தெரியும். நீங்கள் எழுதிய பதிலையும் படித்தேன். இரண்டையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தீவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அவன் பெயரைக் கொடுங்கள். பிறகு நீங்கள் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், நான் கூட நிற்கிறேன்.

போகாதீர்கள் அப்பா.

துகுமெக்


சியோராபலுக்,
12 மார்ச் 1989

துகுமெக்குக்கு,

நான் நலம். பேரன் பிறந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அவனுக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள். முயல்தோல் அனுப்பியிருக்கிறேன், முதுகுக்குப் போடு. சின்னதாகப் பிறந்தவர்கள் பிழைப்பதில்லை என்று யார் சொன்னது? நீயே சின்னதாகத்தான் பிறந்தாய்.

நீ கேட்டதை யோசித்தேன். கொடுக்க முடியாது. கொடுத்தால், அவன் படுக்க இடமில்லாமல் அலைந்தான் என்று அவனுடைய அப்பனே ஒப்புக்கொண்டதாக ஆகும். ஊர் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. அவன் அலையவில்லை. அவனுக்கு நிலம் இருக்கிறது. குழந்தை வேறு ஏதாவது கேட்டு அழுகிறான், நன்றாகப் பார்.

நாளை கிளம்புகிறோம். ஊருக்குப் பின்னாலுள்ள பனியாற்றின் மேலேறி, பழைய வேட்டை இடமான இத்தாவில் இறங்கி, கரையோரமாகவே வடக்கே போவோம். கடற்பனி நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது, உங்கள் ஊரில் சொன்னது போல் மெல்லிசாக இல்லை. வந்து எழுதுகிறேன்.

அப்பா


நூக்,
9 ஏப்ரல் 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

திரும்பி வந்துவிட்டீர்களா? கடைக்கு ரேடியோ டெலிபோனில் பேசப் பார்த்தேன், இரைச்சல்தான் கேட்டது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இதைப் பார்த்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.

துகுமெக்


சியோராபலுக்,
30 ஏப்ரல் 1989

மருமகள் துகுமெக்குக்கு மாமன் ரஸ்முஸ் எழுதுவது.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் சிரித்துக்கொள். நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம். உன் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. கானாக் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மற்றபடி நடக்கிறார், சாப்பிடுகிறார், பேசுவதில்லை. உன் கடிதங்கள் மேசை மேல்தான் இருக்கின்றன. அவர் எழுத மாட்டார் போலத் தெரிகிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

இத்தாவில் இறங்கியதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கல் பொறுக்கினார். தட்டையான நல்ல கற்களாகப் பார்த்துத் தேடி எடுத்தார். நாய்கள் என்னைப் பார்த்தன, நான் நாய்களைப் பார்த்தேன்.

"தீவுக்குக் கல்லு கொண்டு போறியா மச்சான்? இது நூக்குக்கு மழை அனுப்புற மாதிரி இருக்கே."

"அங்க நல்ல கல்லு இல்ல."

"எவ்வளவுதான் ஏத்துவ? நாய்ங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"காலுக்கு மட்டும் போதும்."

அதற்குப் பிறகு நான் கேலி பண்ணவில்லை. துகுமெக், உனக்குத் தெரியாது. உன் தம்பியைப் படுக்க வைத்த அன்று நாங்கள் பொறுக்கிய கல் இடுப்பு வரைக்கும்தான் வந்தது. கால்மாட்டில் சரளைதான் அள்ளிப் போட்டோம். இன்னும் கல் வேண்டுமென்று பெயர்த்தபோது அடியில் நீலமாகத் தெரிந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "உறைஞ்ச மண்ணு" என்றார். "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? தெற்கே பனி உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாய் அன்று காலையில்தான் விழுந்திருந்தது. அவனை வேறு எங்கே கொண்டுபோக முடியும்?

இந்த முறை வழியெல்லாம் அவர் சரியாகத்தான் ஓட்டினார். செர்மெர்சுவாக்கின் வெள்ளைச் சுவர் ஒரு பக்கம், கரையிலிருக்கும் இரட்டை மலை ஒரு பக்கம். இரண்டும் எங்கே சேர்ந்து நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தினார். அங்கே ஒன்றும் இல்லை. போன குளிரில் உறைந்த இளம் பனி, மேசை மாதிரிக் கிடந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு விரிசல் இல்லை.

"இன்னும் வடக்கால இருக்கும்" என்றேன், அவருக்காக.

"இல்ல. இதுதான்."

பனி உளியால் துளை போட்டார். ஒரு கல்லைச் சீல்தோல் வாரில் கட்டி உள்ளே விட்டார். வார் அனேகமாகத் தீர்ந்த பிறகுதான் கல் தரை தட்டியது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலில் வாரைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு இருந்தார். தூக்கித் தூக்கித் தட்டிப் பார்த்தார், தண்ணீருக்குள் தடவுகிறவர் மாதிரி. "கைய உள்ள வை மச்சான்" என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் இழுத்து என் சட்டைக்குள் வைத்தேன். அப்போதே விரல் வெளுத்துவிட்டது.

பிறகு எழுந்து போய் வண்டியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கினார். கடற்பனி மேல் அடுக்கினார்.

"அவன் இங்க இல்ல மச்சான். அந்தப் பனியோட தெக்க போயிருப்பான்."

"தெரியும்."

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"அப்பறம் எதுக்கு இது?"

"அவன் காலுக்குன்னு எடுத்து வந்தது. திருப்பிக் கொண்டு போறதா?" என்றார். அடுக்கி முடித்துவிட்டு, "ஜூலையில கடலுக்குள்ள இறங்கிடும்" என்றார்.

வருகிற வழியில் பேசியது அதுதான் கடைசி. கடையில் கேட்டார்கள், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். குழந்தை எப்படி இருக்கிறான்? என் பேத்தி அவர் வீட்டில்தான் இருக்கிறாள். புகைக்குழாயை ஒளித்து வைத்துவிட்டு, பிறகு அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

மாமன் ரஸ்முஸ்


நூக்,
14 மே 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கையில் அடி என்று கேள்விப்பட்டேன். கைக்கட்டு நனைய விடாதீர்கள். இங்கே பனி உருகி வீதியெல்லாம் சேறாக இருக்கிறது. குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில். அழுவதைக்கூட இப்போது குறைத்துவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

துகுமெக்


சியோராபலுக்,
21 மே 1989

மித்தேக்,

இதை உன் அம்மா உனக்குப் படித்துக் காட்டட்டும். முதல் வார்த்தையைச் சத்தமாகப் படிக்கச் சொல். தாதிக்கும் கேட்கட்டும். இனி எல்லோரும் சொல்லலாம்.

நான் நலம். கை கொஞ்சம் கோணலாக எழுதுகிறது, பொறுத்துக்கொள். நாய்கள் நலம். நீ பழக்கிய கறுப்பு நாயின் குட்டிதான் இப்போது தலைநாய், அதுவும் உன்னை மாதிரியே ஒரு சொல்லுக்கு இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறது. உன் சாட்டை நீ மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுக்கவில்லை.

அழுதது போதும். எனக்குக் கேட்டுவிட்டது. பாலைக் குடி.

துகுமெக் இப்போது உனக்கு அம்மா, அவள் சொல்வதைக் கேள். முன்பு அக்காவாக இருந்தபோது கேட்காததையும் சேர்த்துக் கேள். உன் புது அப்பாவிடம் ஒன்று சொல். வரைபடத்தில் செய்தது தவறுதான். இருந்த காலத்தில் இருந்தது என்றாவது போட்டிருக்க வேண்டும். கல் அனுப்புவதாக எழுதியிருந்தேன், கல் இல்லை. காரணத்தை அவன் என்னிடம் கேட்க வேண்டாம், நானும் சொல்வதாக இல்லை. நீயும் சொல்லாதே.

சூரியன் இப்போது மறைவதே இல்லை. வெளியே கடற்பனி மேல் தண்ணீர் தேங்க ஆரம்பித்துவிட்டது. ஜூலையில் இங்கே எல்லாம் திறந்துவிடும்.

உன் அம்மாவிடம் சொல்லி உன் கால்களைப் பார்க்கச் சொல். போர்வை எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் குறையும்.

உன் அப்பா
அயோர்சாலிக்